சிட்னி துறைமுகத்தில் சூரிய உதயக் கயாக் பயணம்: விடியலுக்கு முன்பே துடுப்புப் பிடிப்பது ஏன்?

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் செல்லும் இந்தியப் பயணிகளில் பெரும்பாலோர், அங்குள்ள துறைமுகப் பாலத்தையும் ஓபரா ஹவுஸையும் கரையில் நின்றோ, ஃபெர்ரி படகின் மேல்தளத்தில் இருந்தோ பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். அதே காட்சியை நீர்மட்டத்தில் அமர்ந்து, கையில் துடுப்புடன், பொழுது புலரும் வேளையில் பார்க்க ஒரு வழி உண்டு. வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, சிறு குழுவாக மேற்கொள்ளும் சூரிய உதயக் கயாக் பயணமே அது. முன் அனுபவம் இல்லாதவர்களும் இதில் சேரலாம். ஆனால் இது பூங்காவில் உள்ள ஏரிப் படகுச் சவாரி அல்ல. பயணிகள் கப்பல்களும் ஃபெர்ரிகளும் சரக்குப் படகுகளும் இயங்கும் துறைமுகத்துக்குள், அங்கு இருப்பதிலேயே மிகச் சிறிய கலத்தில் செல்வது இது. எந்த மாதத்தில் செல்கிறோம், எத்தனை மணிக்கு நீரில் இறங்குகிறோம், வழிகாட்டி யார் என்பவற்றைப் பொறுத்தே அனுபவம் இனிமையாகவோ ஆபத்தாகவோ அமையும்.

விடியல் நேரம் ஏன்?: இதற்கான முதல் காரணம் காற்று. இரவில் நிலம் குளிர்ந்துவிடுவதால் கடற்காற்று ஓய்ந்திருக்கும். விடியலில் நீர்ப்பரப்பு பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கோடைக்காலத்தில் நண்பகலுக்குப் பிறகு வடகிழக்கில் இருந்து கடற்காற்று வலுப்பெறும். காலையில் கண்ணாடி போல் கிடந்த அதே நீர், மாலையில் புதியவர்களுக்குக் கட்டுப்படாது.

இரண்டாவது காரணம் போக்குவரத்து. இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு உதவும். கயாக்கில் அமர்ந்திருப்பவரின் தலை நீர்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். புதியவர்கள் கொண்ட குழு மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர் வேகத்தில் வரும் படகு, 500 மீட்டரை 50 விநாடிக்குள் கடந்துவிடும். அந்த நேரத்தில் கயாக் நகர்ந்திருக்கும் தூரம் ஏறக்குறைய 60 மீட்டர். தொலைவில் தெரியும் படகு ‘இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது’ என்ற எண்ணம் துறைமுகத்தில் எத்தனை தவறானது என்பது இதிலிருந்து விளங்கும். ஆகவே நகரம் வேலைக்குப் புறப்படுவதற்கு முன் நீரில் இறங்கி, போக்குவரத்து பெருகும்போது கரையை ஒட்டித் திரும்பிவிட வேண்டும் என்பதே இப்பயணத்தின் அடிப்படை ஏற்பாடு.

மாதம் மாறினால் கணக்கும் மாறும்: இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். சிட்னியில் டிசம்பர் மாதம் கோடைக்காலம். சூரியன் காலை 5.40 மணியளவிலேயே உதித்துவிடும். அப்போது ஃபெர்ரிகளின் நடமாட்டம் குறைவு. ஜூன் இறுதியிலோ உதயம் காலை 7 மணி. கோடைக்கால நேரமாற்றம் முடிவதற்குச் சற்று முன், மார்ச் இறுதியிலும் அதே 7 மணிதான். அந்த நேரத்தில் அலுவலகம் செல்வோரை ஏற்றிய ஃபெர்ரிகள் ஓடத் தொடங்கியிருக்கும். பெயர் ‘சூரிய உதயப் பயணம்’ என்றாலும், ஜூன் மாத உதயமும் டிசம்பர் மாத உதயமும் ஒரே துறைமுகத்தைக் காட்டுவதில்லை.

நம் நாட்டில் பள்ளி விடுமுறை என்பதால் மே, ஜூன் மாதங்களில் செல்லும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது அங்கே குளிர்காலத்தின் தொடக்கம். விடியற்காலை வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கக்கூடும். பருத்தி ஆடை நனைந்தால் உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். விரைவில் உலரும் ஆடையும், காற்றைத் தடுக்கும் மேலாடையும் தேவை. ஜீன்ஸ் அணிந்து செல்வது போன்ற தவறு வேறில்லை.

கரையில் நடக்கும் முதல் பாடம்: துறைமுகத்தின் வடகரையில், பாலத்துக்குச் சற்று மேற்கே உள்ளது லாவெண்டர் விரிகுடா. அங்கிருந்து புறப்படும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். இருள் விலகாத நேரத்தில் குழு கூடும். உடல்நிலை குறித்த படிவம், உயிர்காப்பு அங்கி, துடுப்பு ஆகியவை வழங்கப்படும். பெரும்பாலும் இருவர் அமரும் கயாக்கே புதியவர்களுக்குத் தரப்படுகிறது. அகலமாக இருப்பதால் எளிதில் கவிழாது. பின்னால் அமர்பவர் காலால் சுக்கானை இயக்குவார். முன்னால் அமர்பவர் துடுப்பின் தாளத்தைத் தீர்மானிப்பார். கணவன், மனைவி இருவரில் யார் பின்னால் அமர்வது என்ற விவாதத்தை விடுதியிலேயே முடித்துவிட்டு வருவது நல்லது.

துடுப்புப் போடுவது கையின் வேலை என்று நினைப்பவர்கள் பத்தே நிமிடத்தில் களைத்துவிடுவார்கள். காலை மிதிப்பலகையில் ஊன்றி, இடுப்புக்கு மேல் உடலைத் திருப்பி, முதுகின் வலிமையால் நீரைத் தள்ள வேண்டும். கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதையும் கரையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கயாக்கை விட்டுவிடக் கூடாது; துடுப்பையும் விடக் கூடாது; படகைப் பிடித்தபடி வழிகாட்டி வரும்வரை மிதக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் கூச்சப்பட்டு அதை மறைப்பதுண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால், வழிகாட்டி தமக்கு அருகிலேயே அவர்களது கயாக்கை வைத்துக்கொள்வார்.

உயிர்காப்பு அங்கி விஷயத்தில் இந்தியர்களாகிய நமக்கு ஓர் அலட்சியம் உண்டு. 2024 டிசம்பர் 18 அன்று மும்பை துறைமுகத்தில், எலிபெண்டா தீவுக்குச் சென்ற பயணிகள் படகின் மீது கடற்படையின் விரைவுப் படகு மோதி பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகுதான், அங்கு அங்கி அணிவது குறித்த பேச்சு தீவிரமானது. சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலோ, சூரியன் மறைந்து மீண்டும் உதிக்கும் வரையிலான நேரத்தில் துடுப்புப் படகில் செல்பவர் அங்கி அணிந்திருப்பது சட்டப்படி கட்டாயம். விடியலுக்கு முன் புறப்படும் கயாக் இந்த விதிக்குள் அடங்கும். கழுத்துப் பக்கம் பிடித்து மேலே இழுத்தால் அங்கி காது வரை ஏறுகிறது என்றால் அது தளர்வாக உள்ளது என்று பொருள்.

பாலத்தின் அடியில்: விரிகுடாவில் இருந்து பார்த்தால் தென்கிழக்கில் பாலத்தின் வளைவும், அதன் கீழே ஓபரா ஹவுஸும் தெரியும். 1932 மார்ச் 19 அன்று திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் வளைவு 503 மீட்டர் நீளத்தைத் தாண்டி நிற்கிறது. அதன் உச்சி கடல் மட்டத்தில் இருந்து 134 மீட்டர் உயரம். வெயிலில் எஃகு விரிவதால் உச்சி 18 சென்டிமீட்டர் வரை உயர்ந்து தாழும். ஏறத்தாழ 60 லட்சம் தறையாணிகள் இதைப் பிணைக்கின்றன. கரையில் இருந்து பார்க்கும்போது இவை வெறும் எண்கள். பாலத்தின் நிழலுக்குள் கயாக் நுழையும்போது, தலைக்கு மேல் ஓடும் ரயிலின் ஓசை நீரில் எதிரொலிக்கும்போதுதான் அந்த எடை புரியும்.

பாலத்தைக் கடந்ததும் தென்கரையில் பென்னலாங் முனை. டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சான் வடிவமைத்து 1973-இல் திறக்கப்பட்ட ஓபரா ஹவுஸ் அங்குதான் உள்ளது. யுனெஸ்கோ 2007-இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் கூரையில் சுவீடனில் தயாரான 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. தொலைவில் இருந்து ஒரே வெண்மையாகத் தெரிந்தாலும், அவற்றில் பளபளக்கும் வெள்ளையும் மங்கலான வெளிர்மஞ்சளும் கலந்துள்ளன. காலை ஒளி படும்போது கூரையின் நிறம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதற்கு இதுவே காரணம். வழிகாட்டிகள் குழுவை வடகரையில் உள்ள கிரிபிலி ஓரமாக நிறுத்தி, துறைமுகத்தின் குறுக்கே இக்காட்சியைக் காட்டுவார்கள். ஓபரா ஹவுஸுக்கு அருகிலேயே அழைத்துச் செல்லக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் பக்கத்தில் உள்ள சிட்னி கோவ் பகுதிதான் ஃபெர்ரிகள் வந்து திரும்பும் முனையம். பெரிய பயணிகள் கப்பல்களும் அங்குதான் அணைகின்றன. பாலத்தின் அடியில் 49 மீட்டர் உயரமே இருப்பதால் மிக உயரமான கப்பல்களால் அதைத் தாண்டிச் செல்ல முடியாது. அத்தகைய கப்பல்கள் பெரும்பாலும் அதிகாலையில்தான் துறைமுகத்துக்குள் நுழைகின்றன. அந்த இடத்தில் இருந்து விலகியே நிற்கும் வழிகாட்டி தம் பணியைச் சரியாகச் செய்கிறார்.

வழிகாட்டி கவனிப்பது என்ன?: கப்பல் மோதல் தடுப்புக்கான சர்வதேச விதிகளின்படி, துடுப்பால் இயங்கும் படகு இரவில் வெள்ளை விளக்கு ஒன்றைத் தயாராக வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கப் போதிய நேரத்துக்கு முன் காட்ட வேண்டும். கப்பல் ஒருமுறை குறுகிய ஒலி எழுப்பினால் வலப்புறம் திரும்புகிறது. இருமுறை என்றால் இடப்புறம். மும்முறை என்றால் பின்னோக்கி இயங்குகிறது. ஐந்து முறை ஒலித்தால், ‘உங்கள் நோக்கம் எனக்குப் புரியவில்லை’ என்று பொருள். அந்த ஐந்தொலி கயாக் குழுவை நோக்கி எழும் நிலை வரவே கூடாது.

இருளைவிட, உதயத்துக்குப் பிந்தைய அரை மணி நேரமே கூடுதல் ஆபத்தானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். சூரியன் தாழ்வாக இருக்கும்போது, கிழக்கு நோக்கி வரும் படகின் மாலுமிக்கு நீர்ப்பரப்பு முழுவதும் கூசும். அந்த ஒளிப்பாதையில் நிற்கும் கயாக் அவர் கண்ணுக்குத் தெரியாது. எல்லோரும் புகைப்படம் எடுக்க விரும்பும் இடமும் அதே ஒளிப்பாதைதான். குழு கலையாமல், கரையை ஒட்டி நின்று படம் எடுக்க அனுமதிப்பதற்கும், நடு நீரோட்டத்தில் விட்டுவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டில் வழிகாட்டியின் தரம் தெரிந்துவிடும்.

ஃபெர்ரி கடந்த பின் எழும் அலை இன்னொரு சோதனை. அது கரைச்சுவரில் மோதித் திரும்பும்போது, எதிரெதிர் அலைகள் சேர்ந்து நீர் தாறுமாறாகக் குதிக்கும். அப்போது துடுப்பை நிறுத்துவது தவறு. கயாக்கின் முனையை அலைக்கு நேராகத் திருப்பி, தொடர்ந்து துடுப்புப் போட வேண்டும். இவ்வாறு நம்மை ஆட்டிவைக்கும் சிட்னி ஃபெர்ரிகளில் பல, இரட்டை உடல் கொண்ட கேட்டமரன் வகையைச் சேர்ந்தவை. ‘கட்டுமரம்’ என்ற தமிழ்ச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் கடற்கரைக் கலத்துக்கும் அதற்கும் வடிவில் ஒற்றுமை குறைவு என்றாலும், பெயர் அத்தனை தூரம் பயணித்திருக்கிறது.

இந்த நீரில் முன்பு துடுப்புப் போட்டவர்கள்: விடியலில் இங்கு சிறு படகுகள் செல்வது சுற்றுலா நிறுவனங்கள் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. 1788 ஜனவரி 26 அன்று ஆங்கிலேயரின் கப்பல்கள் சிட்னி கோவில் நங்கூரமிட்டபோது, துறைமுகம் எங்கும் ‘நாவி’ என்ற மரப்பட்டைப் படகுகள் இருந்தன. ஒற்றை மரப்பட்டையை மடித்து இரு முனைகளையும் கட்டிய எளிய கலம் அது. அதில் மீன்பிடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். படகின் நடுவே களிமண் பரப்பி அதன்மேல் நெருப்பு வளர்த்து, குழந்தையையும் உடன் வைத்துக்கொண்டு, சிப்பி ஓட்டில் செதுக்கிய தூண்டிலை இறக்குவார்கள் என்று குடியேறிய ஆங்கிலேய அதிகாரிகள் குறித்துவைத்துள்ளனர். ஓபரா ஹவுஸ் நிற்கும் முனைக்குப் பெயர் தந்த பென்னலாங்கின் மனைவி பாரங்காரு, வடகரையைச் சேர்ந்த கேமரேகல் குலத்துப் பெண். பாலத்துக்குத் தென்மேற்கே உள்ள கரைப்பகுதிக்கு இன்று அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. கயாக்கில் இருந்து இரு பெயர்களையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம்.

அந்தப் பெண்கள் மீன்பிடித்த நீரில் இன்று பிடிக்கும் மீன்களை எல்லா இடத்திலும் உண்ண முடியாது என்பது கசப்பான உண்மை. துறைமுகத்தின் மேற்கே உள்ள ஹோம்புஷ் விரிகுடாவில் ரசாயன ஆலைகளின் கழிவால் டையாக்சின் படிந்தது. அவற்றில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் ஆலையும் ஒன்று. போபால் நினைவில் உள்ள இந்தியர்களுக்கு அப்பெயரை விளக்க வேண்டியதில்லை. 2006-இல் துறைமுகத்தில் வணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் எந்த மீனையும் உண்ண வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. லாவெண்டர் விரிகுடா அந்தக் கோட்டுக்கு மேற்கே உள்ளது. துடுப்புப் போடுவதற்கு இது தடையல்ல. ஆனால் பலத்த மழைக்குப் பிறகு மழைநீர்க் கால்வாய்கள் துறைமுகத்தில் கலப்பதால், மூன்று நாள் வரை அங்கு நீந்த வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறது. கவிழ வாய்ப்புள்ள புதியவர்கள் அந்த நாட்களில் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

சுறா பயம் தேவையா?: வெப்பமான மாதங்களில் காளைச் சுறாக்கள் துறைமுகத்துக்குள் வருவது உண்மை. 2009-இல் ஓபரா ஹவுஸுக்குக் கிழக்கே உள்ள வூலூமூலூ விரிகுடாவில் கடற்படை முக்குளிப்பவர் ஒருவர் தாக்கப்பட்டுப் படுகாயமடைந்தார். கயாக்கில் அமர்ந்திருப்பவருக்கு நீந்துபவரைவிட ஆபத்து மிகக் குறைவு. இருந்தாலும் கோடைக்கால விடியலில், உற்சாக மிகுதியால் கயாக்கில் இருந்து நீரில் குதிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை கயாக்குகள், நீரில் இறங்கும் நேரம் எது, காற்று வலுத்தால் பயணம் ரத்தாகுமா, ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா ஆகிய நான்கையும் கேட்டுக்கொள்ளலாம். எந்தக் காற்றிலும் அழைத்துச் செல்வதாக உறுதி கூறும் நிறுவனத்தைவிட, முதல் நாள் மாலை வானிலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்பவரிடம் பணம் கட்டலாம். கைப்பேசிக்கு நீர்புகாத உறை தேவை. மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதைக் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். காபியும் தின்பண்டமும் சில பயணங்களில் நீரிலேயே வழங்கப்படுகின்றன. அப்போது கயாக்குகளை அருகருகே சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். கோடையில் செல்பவர்கள் கரைக்குத் திரும்பும்போது, நகரத்தில் பலர் இன்னும் காலை உணவை முடித்திருக்க மாட்டார்கள்.