சட்டைப் பையின் மேல் ஓர் எண்

2025 ஜூன் 12. குடியேற்ற நடவடிக்கைகள் பற்றி லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் கிறிஸ்டி நோமின் செய்தியாளர் சந்திப்பு. இடையில் கேள்வி கேட்க முயன்ற கலிஃபோர்னியா செனட்டர் அலெக்ஸ் படில்லாவை அதிகாரிகள் வெளியே தள்ளிக்கொண்டுபோய், தரையில் கிடத்திக் கைவிலங்கு மாட்டினார்கள். அவர் தன்னை யாரென்று சொல்லவில்லை, செனட் பேட்ஜும் குத்தியிருக்கவில்லை என்றது துறை. அவர் பெயர் சொன்னது காணொளியில் பதிவாகியிருந்தது.

அடுத்த மாதமே படில்லாவும் நியூ ஜெர்சி செனட்டர் கோரி புக்கரும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். பொது இடத்தில் குடியேற்ற நடவடிக்கையில் இறங்கும் அதிகாரி, துறையின் பெயரையும், தன் பெயரையோ பேட்ஜ் எண்ணையோ கண்ணில் படும்படி அணிய வேண்டும். முகத்தை மூடக் கூடாது என்கிறது அது. ரகசியப் பணிக்கும், உடல்நலம் கருதி அணியும் முகக்கவசத்துக்கும் விலக்கு உண்டு.

இப்போதுள்ள விதி என்ன? கைது செய்பவர், தான் குடியேற்ற அதிகாரி என்று ‘பாதுகாப்பாகவும் சாத்தியமாகவும்’ உள்ளபோது சொன்னால் போதும். அது எப்போது என்பதை அந்த இடத்தில் முடிவு செய்பவரும் அவரேதான். மார்பில் ‘போலீஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால், வந்தது உள்ளூர்க் காவலரா, மத்திய அதிகாரியா என்று தெரியாது.

பெயர் தெரிந்தால் இணையத்தில் முகவரியைப் பரப்பிக் குடும்பத்தையே மிரட்டுவார்கள் என்கிறது அரசு. அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. அதற்காகத்தான் மசோதா பெயருக்குப் பதில் எண்ணை ஏற்கிறது. எண்ணை வைத்து வீட்டைத் தேடிப் போக முடியாது. புகார் கொடுக்க முடியும்.

அடையாளம் இல்லாததன் ஆபத்து இன்னொரு பக்கமும் இருக்கிறது. படில்லா சம்பவத்துக்கு இரண்டு நாள் கழித்து, மினசோட்டாவில் போலீஸ் வேடத்தில் வந்தவன் கதவைத் தட்டி, மாநிலப் பிரதிநிதி மெலிசா ஹார்ட்மனையும் கணவரையும் சுட்டுக் கொன்றான். உண்மையான அதிகாரியே முகம் மூடித்தான் வருவார் என்று மக்கள் பழகிவிட்டால், வேடதாரிக்கு வேலை சுலபம்.

இந்தக் கோரிக்கை புதிதும் அல்ல. காவல்துறை வன்முறைக்கு எதிரான 2020 போராட்டங்களில் அடையாளமற்ற மத்திய அதிகாரிகள் தெருவில் இறங்கியதற்குப் பிறகு, கலவரத்தைக் கட்டுப்படுத்த வரும் மத்திய அதிகாரிகள் துறைப் பெயரும், பெயர் அல்லது எண்ணும் அணிய வேண்டும் என்று 2021இல் சட்டமே வந்துவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் நிற்கும் அதிகாரிக்கு எண் உண்டு. 2025 மார்ச்சில் மாசசூசெட்ஸின் சோமர்வில் நகரத் தெருவில், முகம் மூடிய குடியேற்ற அதிகாரிகள் கைது செய்யச் சூழ்ந்துகொள்ளத் தனியாக நின்ற டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவி தேடியிருந்தாலும், அவர்கள் சட்டையில் ஓர் எண் இல்லை.