வீட்டிலேயே ஓர் ஒலிப்பதிவு அறை

ஒலிப்பதிவு அறை என்றதும் இலட்சக் கணக்கில் பணம் வேண்டுமே என்று மலைக்கிறீர்களா? ஏ. ஆர். ரஹ்மான் 1989ல் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டு வளவிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992ல் வெளிவந்த ‘ரோஜா’வின் இசை அங்கேதான் உருவானது.

நமக்கு அவ்வளவும் தேவையில்லை. உம்மும்மாவின் தாலாட்டையும் பிள்ளைகள் பாடும் கஸீதாவையும் காத்து வைக்க ஒரு சிறு அறை போதும்.

வெற்றுச் சுவரும் சீமெந்துத் தரையும் குரலைத் திருப்பியடித்து, கிணற்றுக்குள் பேசுவது போலாக்கிவிடும். ஆகவே தரையில் தடித்த விரிப்பைப் போடுங்கள். சுவரில் பழைய போர்வைகளைத் தொங்கவிடுங்கள். துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்தாலும் நல்லதே. முட்டை அட்டை ஒட்டினால் வெளிச்சத்தம் நின்றுவிடும் என்பது வீண் நம்பிக்கை. அதைத் தடுப்பது கனமான சுவரும் இடுக்கில்லாத கதவுமே. கதவின் கீழ் இடுக்கைத் துணியால் அடையுங்கள்.

அம்பிட்டியவில் பிற்பகல் மழை தகரத்தில் கொட்டத் தொடங்கினால் எந்தப் போர்வையும் உதவாது. காலை வேளையே உகந்தது. மின்விசிறியை நிறுத்துங்கள். கைத்தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். பதிவை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

நம் தாலாட்டுகள் பல ஏட்டில் இல்லை. மூத்தவர்களின் நெஞ்சில்தான் இருக்கின்றன. உம்மும்மாவுக்குக் குரல் இருக்கும்போதே, இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.