ஊரே ஒளிந்துகொண்டது!

கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார். "அப்பா ஊரில் இல்லையென்று சொல்லடா" என்று பையனை அனுப்பிவிட்டு, உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் வீட்டுக்காரர். இது எங்கும் நடப்பதுதான். ஒரு நகரமே இப்படிச் செய்த கதை தெரியுமோ?

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்திலுள்ள வாட்டர்டவுன், ஜெர்மானியர் நிறையக் குடியேறிய ஊர். அந்த நாட்டின் முதல் கிண்டர்கார்டன் பள்ளி 1856-ல் இங்கேதான் ஆரம்பமாயிற்று. அவ்வளவு விவரமான ஊர்! அதற்கு முந்திய வருஷம், ரயில்மேல் கொண்ட ஆசையால், ரயில் கம்பெனி ஒன்றுக்கு நகரசபை கடன் பத்திரங்கள் எழுதிக் கொடுத்தது. 1857-ல் நாடெங்கும் பணமுடை. ரயில் கம்பெனிகள் பல கவிழ்ந்தன. பத்திரங்கள் மட்டும் கவிழவில்லை.

அவற்றில் சில, பக்கத்து மாகாணமான இல்லினாயைச் சேர்ந்த ரீஸ் என்பவரிடம் இருந்தன. 1867-ல் சுமார் 10,000 டாலருக்கு அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. தீர்ப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "வரி போட்டு வசூலித்துக் கொடு" என்று 1868-ல் கோர்ட்டு உத்தரவிட்டது. உத்தரவு வந்து சேருவதற்குள் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் ராஜிநாமா! வரி போட ஆளில்லை.

1869-ல் புதுச் சபை, புது உத்தரவு. இந்தத் தடவை அது கைக்கே வந்துவிட்டது. கோர்ட்டு அவமதிப்பு என்று பிடித்ததும் ஆறு பேர் விலகினார்கள். மிச்சப் பேர் "இதோ, அதோ" என்றார்கள். கடைசியில் கோரம் இல்லை. விதித்த அபராதம் கோர்ட்டுச் செலவுக்குச் சரியாய்ப் போயிற்று. 1870-ல் மூன்றாவது உத்தரவு, அதே நாடகம்.

ரீஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சபைதான் ஓடுகிறதே, ஊரார் சொத்தைக் கோர்ட்டு அதிகாரியே ஜப்தி செய்து தரட்டும் என்பது அவர் கோரிக்கை. 1873-ல் நீதிபதி ஹன்ட் மறுத்துவிட்டார். வரி விதிப்பது சட்டசபையின் வேலை, கோர்ட்டின் வேலையல்ல. ஊர்க் கடனுக்காகத் தனி மனிதர் சொத்தை, அவர் வழக்கைக் கேளாமலே பறிக்க முடியாது. வேண்டுமானால் இன்னோர் உத்தரவு வாங்கிக்கொள்ளலாம் என்றார். பாவம், நாலாவது உத்தரவு! இரண்டு நீதிபதிகள் இதற்கு இணங்கவில்லை.

சட்டம் சரியாகவே இருக்கலாம். தான் வாங்காத கடனுக்கு வீட்டைப் பறிகொடுக்க எந்தக் குடித்தனக்காரர்தான் சம்மதிப்பார்? ஆனாலும் எனக்கென்னவோ ரீஸின் பக்கம்தான் மனம் சாய்கிறது. கையெழுத்துப் போட்டது ஊர்தானே?

வாட்டர்டவுன் அதற்குப் பிறகும் அசரவில்லை. வேறொருவர் வழக்குப் போட்டார். ஊர்ச் சாசனப்படி சம்மனை மேயரிடம் கொடுக்க வேண்டும். மேயரோ ராஜிநாமா செய்துவிட்டார்! குமாஸ்தாவிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அது செல்லாது என்று 1889-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதற்குள் பத்திரமும் காலாவதி.