சலவை நிலையத்தில் நீராய்வு

விடுதிக்கு வெளுத்து அனுப்பிய வெண்விரிப்புகள் பழுப்பேறிவிட்டன என்று குறை வந்தால், சலவை நிலைய உரிமையாளர் முதலில் சலவைத்தூளை மாற்றுவார். அடுத்து எந்திரத்தருகே நிற்கும் பணியாளரைக் கடிந்துகொள்வார். தொட்டி நீரை ஐயுறுவோர் அரியர். வழக்கமான எந்திரங்களில் ஒரு கிலோ துணிக்குப் பத்து முதல் இருபது லிட்டர் நீர் செலவாகிறது. எடையால் நோக்கின் அத்தொழிலின் முதன்மை மூலப்பொருள் நீரே. தூளுக்குத் தரம் கேட்கும் வணிகர் நீருக்குக் கேட்பதில்லை.

நிலத்தடி நீரில் கரைந்து அதனைக் கடினநீராக்கும் கால்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு கூடிக் கரையாத திரிபொருளாகின்றன. அதுவே இழைகளுக்கிடையே படிந்து துணியைச் சாம்பல் பூக்கச் செய்வது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள ஆயிரம் லிட்டர் நீர், அழுக்கைத் தொடுமுன்னரே ஏறத்தாழ 1.8 கிலோ சவர்க்காரத்தை விழுங்கிவிடும். இக்காலச் சலவைத்தூள் அவ்வளவு திரிவதில்லை. எனினும் அதில் கலந்த சோடாவும் சியோலைட்டும் கடினத்தன்மையை அடக்குவதிலேயே தீர்ந்துபோகும். நம் வண்ணார் உவர்மண் கரைத்து வெள்ளாவி வைத்ததில் இவ்வேதியியல் அடங்கியிருந்தது: உவர்மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட்டு கால்சியத்தை வீழ்படிவாக்கி நீரை மென்மையாக்கிற்று.

கடினத்தன்மையை அளக்கும் முறைக்கும் சலவைக்கும் உறவு பழையது. 19ஆம் நூற்றாண்டில் அபர்தீன் நகர வேதியியற் பேராசிரியர் தாமஸ் கிளார்க், நீரில் சவர்க்காரக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்கி, நிலைத்த நுரை எழுவதற்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைக் கொண்டு கடினத்தன்மையை மதிப்பிட்டார். இன்று ஈ.டி.டி.ஏ. கரைசல் அப்பணியைச் செய்கிறது. கூம்புக்குடுவையில் 50 மில்லிலிட்டர் நீர் எடுத்து, அம்மோனியாத் தாங்கற்கரைசலும் சிட்டிகையளவு நிறங்காட்டியும் சேர்த்தால் நீர் திராட்சைச் சிவப்பாகும். பியூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட, சிவப்பு மங்கி ஊதா தோன்றும். அவசரப்பட்டு அங்கே நிறுத்தலாகாது. கலப்பற்ற நீலம் வரும் சொட்டே முடிவு. 0.01 மோலார் கரைசலாயின், செலவான மில்லிலிட்டரை 20ஆல் பெருக்கினால் போதும். 15 மில்லிலிட்டர் என்றால் 300. ஐந்து நிமிட வேலை.

குடிக்கத் தகுந்த நீர் வெளுக்கவும் தகும் என்று எண்ணுவது பிழை. இந்தியக் குடிநீர்த் தரம் 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு நீர் கிட்டாத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. சலவைக்கு 200 என்பதே மிகை. இரும்போ இன்னும் வஞ்சகமானது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏறும்போது நீர் தெளிந்தே இருக்கும். காற்றும் வெளுப்பானும் பட்டபின் துருவாகித் துணியில் ஒட்டும். ஐதரசன் பெராக்சைடு இடுமிடத்தில் இரும்பு வினையூக்கியாகி, அவ்விடத்துப் பருத்தி இழையை அரித்து ஊசித்துளை விழச் செய்யும்.

மென்னீராக்கும் கருவி வைத்துவிட்டால் கவலையில்லை என்பாருமுளர். அதிலுள்ள பிசின் கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. அதன் கொள்ளளவு தீர்ந்ததும் உப்புநீர் பாய்ச்சிப் புதுப்பிக்காவிடில் கடினநீர் அப்படியே கடந்துவரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேலும், கால்சியம் பைகார்பனேட்டு சோடியம் பைகார்பனேட்டாக மாறுகிறதேயன்றி மறைவதில்லை. அலசலில் எஞ்சும் அவ்வுப்பு, இத்திரிச் சூட்டில் கார்பனேட்டாகிக் காரம் மிகுந்து விரிப்பை மஞ்சளாக்கும். மருத்துவமனை விரிப்பாயின் நோயாளியின் தோலையும் உறுத்தும்.

ஆகவே, பலர் கைவிடும் இறுதி அலசல்நீர்ச் சோதனையையே யான் முதலில் வைப்பேன். உள்வரும் நீரின் காரத்தன்மையையும் கடைசி அலசல் நீரின் காரத்தன்மையையும் அளந்து கழித்தால், துணியில் தங்கிய சோடாவின் அளவு புலப்படும். பிழிந்த துணிமீது ஒரு சொட்டு பினாப்தலீன் விட்டு இளஞ்சிவப்பு தோன்றுகிறதா எனப் பார்ப்பதும் நல்ல குறுக்குவழி. தோன்றினால் மற்றோர் அலசல், அல்லது சிறிது மென்னமிலம்.

கிணற்று நீர் கோடையில் ஒரு குணமும் மழைக்குப்பின் வேறொரு குணமும் காட்டும். லாரி நீர் வண்டிக்கு வண்டி மாறும். சட்டமிட்டு மாட்டிய பழைய ஆய்வுச் சான்றிதழ் இன்றைய தொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. முழு ஆய்வை ஆண்டுக்கு இருமுறை ஆய்வுக்கூடத்தில் செய்வியுங்கள். கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் நாள்தோறும் நிலையத்திலேயே அளந்து, தேதியிட்டு ஏட்டில் எழுதுங்கள்.