பூணூலும் முடியும்

கோணேசர் கோயில் அமைந்த கோணமாமலைக்கு ஏறும் இந்த வழி, மன்னரும் அந்தணரும் ஒருவரேயென உரிமை கொண்டாடிய ஒரு வம்சத்தை நினைவூட்டுகிறது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தங்களை இராமேசுவரத்துப் பிராமணர் வழியினர் என்றனர். குடையையும் இடபக் கொடியையும் இராமனே தந்தான் என்கிறது அவர்கள் காலத்துச் சோதிட நூலான செகராசசேகரமாலை. வம்சக் கதைதான், ஆனால் 'சேதுகாவலன்' என்ற பட்டம் அந்தக் கதைமேல்தான் நின்றது.

அவர்களின் சேது நாணயத்தைக் கூர்ந்து பாருங்கள். ஒரு பக்கம் நிற்கும் அரசன். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே தமிழில் 'சேது'. அரசும் ஆலயமும் ஒரே செப்புத் துண்டில்! கோணேசரின் தலபுராணமான தட்சிண கைலாச புராணமும் அவ்வம்சத்து மன்னன் செகராசசேகரன் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது.

பண்டை இஸ்ரவேலிலும் அரசனே ஆசாரியனாகலாமா என்ற இழுபறி இருந்தது. ஆசாரியருக்குரிய ஏபோத் என்னும் ஆடையை அணிந்து உடன்படிக்கைப் பெட்டியின் முன் ஆடினான் அரசன் தாவீது. உசியா அரசனோ ஆலயத்தில் தூபங்காட்டப் புகுந்ததால் குஷ்டரோகியானான் என்கிறது விவிலியத்தின் நாளாகமம். பிற்காலத்தில், கி.மு. 104இல், பிரதான ஆசாரியனான அரிஸ்டோபுலஸ் அரச பட்டத்தையும் ஏற்றான்.

ஆரியச்சக்கரவர்த்திகளின் கதைக்குத் திரும்பினால், போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினர்; 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை எழுப்பினர். அந்தப் பேரிழப்பின் சான்று கோட்டை வாயிலிலேயே இருக்கிறது: இணைக்கயல் சின்னமும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும்.