அறிவு (சொல்லிசைக் கலைஞர்)

அறிவு என்று அறியப்படும் அறிவரசு கலைநேசன் தமிழ்ச் சொல்லிசைக் கலைஞர், பாடலாசிரியர், பாடகர். அரக்கோணத்தைச் சேர்ந்தவர். 2018இல் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் வழியே மேடைக்கு வந்தார். 2019இல் ‘தெருக்குறள்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். 2021இல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடல் அவரை உலகெங்கும் உள்ள தமிழர்களிடம் கொண்டு சேர்த்தது. அந்தப் பாடலை உருவாக்கியவர் யார் என்ற கேள்வி பின்னர் பெரும் விவாதமானது. திரைப்படத்துக்கு வெளியே பாட்டெழுதிப் பாடுகிறவர்கள் தமிழில் எத்தகைய நிலையில் இருக்கிறார்கள் என்பதை அறிய அவருடைய பாதை உதவுகிறது.

பிறப்பும் சூழலும்

சென்னை சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக மேற்கே செல்லும் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ள சந்திப்பு நிலையம் அரக்கோணம். அறிவின் பெற்றோர் அறிவொளி இயக்கத்தில் பணியாற்றியவர்கள். 1990களில் தமிழக மாவட்டங்களில் எழுத்தறிவைப் பரப்பிய அந்த இயக்கத்துக்குப் பாட்டும் வீதி நாடகமும் முதன்மையான கருவிகளாக இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் துண்டறிக்கை கொடுத்துப் பயனில்லை அல்லவா? ஒரு கருத்தைப் பாட்டாக்கித் தெருவில் சொல்லலாம் என்பது அறிவின் வீட்டில் ஏற்கெனவே பழகிய செய்தி.

அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்து, பின்னர் தமிழகம் திரும்பியவர். சொந்த நிலம் இல்லாத தமிழ்க் குடும்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே மலையகத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1948இல் இலங்கை விடுதலை பெற்றதும் அவர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்களுக்கு அங்கும் நிலம் இல்லை, திரும்பி வந்த இடத்திலும் நிலம் இல்லை. அறிவின் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் நிலம் பற்றிய ஏக்கத்துக்கு வேர் இதுதான்.

கவிதையிலிருந்து சொல்லிசைக்கு

அறிவு இளம் வயதில் எழுதியது கவிதை. பொறியியல் படித்தபோதும் எழுதுவதை விடவில்லை. கவிதை எழுதியவர் சொல்லிசைக்கு வந்தது இயல்பானதே. அதற்கு வீணையோ கிதாரோ வேண்டியதில்லை; பல ஆண்டுகள் குருவிடம் பயிலும் வசதியும் தேவையில்லை. தாளமும் சொல்லும் நாவன்மையும் போதும். தமிழில் இந்த வடிவம் அப்போது புதிதும் அல்ல. மலேசியாவிலிருந்து யோகி பி குழுவினர் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டிருந்தனர். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஹிப்ஹாப் தமிழா ஆதி 2012இல் தம் தொகுப்பை வெளியிட்டுப் பிறகு திரையிசைக்குச் சென்றார். ஆயினும் சாதியைப் பற்றி நேரடியாகப் பேசிய தமிழ்ச் சொல்லிசை அரிதாகவே இருந்தது.

அந்த இடைவெளியில்தான் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ உருவானது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து அமைத்த இக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. கானாப் பாடகர்கள், பறை இசைப்போர், சொல்லிசைக் கலைஞர்கள் என 19 பேர் ஒரே மேடையில் நின்றனர். பின்னாளில் பிபிசியின் 2020ஆம் ஆண்டுக்கான 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற இசைவாணியும் அவர்களில் ஒருவர். குழுவின் பெயர், ‘சாதியற்ற தமிழர்’ என்று பதிவு செய்துகொள்ளுமாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வலியுறுத்திய அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து பிறந்தது. அதே ஆண்டில் வெளியான ‘காலா’ திரைப்படத்துக்கும் அறிவு பாடல் எழுதினார்.

அடுத்த ஆண்டு இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து ‘தெருக்குறள்’ தொகுப்பை வெளியிட்டார். ‘ஆன்டி இந்தியன்’, ‘கள்ள மௌனி’ போன்ற பாடல்கள் இதில் உள்ளன. திருக்குறளைத் தெருவுக்கு இழுத்த தலைப்பே அதன் போக்கைச் சொல்லிவிடுகிறது. திரைக்கதையின் சூழலுக்கோ கதாநாயகனின் புகழுக்கோ எழுத வேண்டிய கட்டாயம் இல்லாததால் இதில் வந்த சொற்கள் முழுவதும் அவருடையவை. ஆனால் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இக்காலத்தில் அவர் திரைப்பாடல்களை ஒதுக்கிவிடவில்லை. ‘மாஸ்டர்’, ‘சார்பட்டா பரம்பரை’ போன்ற படங்களிலும் பங்களித்தார். தமிழ்நாட்டில் சுயாதீன இசை என்பது பெரும்பாலும் திரையிசையோடு பக்கத்தில் பக்கத்தில் நடப்பதே. தனிப்பாடலை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் மிகக் குறைவு.

என்ஜாய் எஞ்சாமி

2021 மார்ச்சு மாதம் மாஜா நிறுவனம் வெளியிட்ட இப்பாடலைப் பாடகி தீயும் அறிவும் பாடினர். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். ‘எஞ்சாமி’ என்பது ‘என் சாமி’ என்பதன் பேச்சு வடிவம். வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளைக் கொஞ்சும் சொல். நிலவுடைமையாளரைக் கூலிகள் அழைத்த சொல்லும் ‘சாமி’தான் என்பதை நினைத்தால் பாடலின் உள்முடிச்சு பிடிபடும். ஒப்பாரியின் சாயலும் துள்ளல் தாளமும் கலந்த இப்பாடல் யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது.

பிணக்கு தொடங்கியதும் அப்புகழோடுதான். 2021 ஆகத்தில் ஓர் இசை இதழின் அட்டையில் தீ இடம்பெற்று அறிவு விடுபட்டபோது பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 சூலை 28 அன்று சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் பாடல் அரங்கேறியது. அதன்பின், இப்பாடலை உருவாக்கி எழுதிப் பாடியவர் தாமே என்றும், தமக்கு யாரும் மெட்டு தரவில்லை என்றும் அறிவு சமூக ஊடகத்தில் எழுதினார். இசையமைப்பு தம்முடையது என்றும் வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கினார். 2024 மார்ச்சில், பாடலால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று அவரும் காணொளியில் தெரிவித்தார். வெளியீட்டு நிறுவனம் தன் தரப்பைச் சொன்னது.

இந்த வழக்காடலில் யார் சரி என்பதை விட, சட்டம் ஒரு பாட்டை எப்படிப் பார்க்கிறது என்பது மாணவர்களுக்குப் பயன்படும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டின் சொற்கள் ஓர் இலக்கியப் படைப்பு, மெட்டு ஓர் இசைப் படைப்பு, பதிவான ஒலி மூன்றாவது. ஒலிப்பதிவின் உரிமை பொதுவாக அதைத் தயாரித்தவருக்கு. பாடப்படும் சொற்கள் இசைப் படைப்பில் அடங்கா என்று வரையறையிலேயே உள்ளது. 2012 திருத்தத்துக்குப் பின், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும் உரிமத்தொகையில் சமபங்கு பெறலாம். அதை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் விட்டுத்தர முடியாது.

திரைப்பாட்டுக்கு இந்தப் பிரிவினை பொருந்தும். இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், கவிஞர் அதற்குச் சொல் கொடுப்பார். ஒப்பாரியிலும் கானாவிலும் அப்படி இல்லை. சாவு வீட்டில் மாரடிக்கும் பெண்ணின் வாயில் சொல்லும் மெட்டும் ஒன்றாகவே பிறக்கின்றன. சொல்லிசையிலும் சொல்லின் அடுக்கே பாதித் தாளம். அந்த மரபிலிருந்து வரும் கலைஞர் ஒருவர் பதிவுக்கூடத்துக்குள் நுழையும்போது ‘பாடல் வரிகள்’ என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் அவருடைய பங்கு அடங்கிவிடக்கூடும். முன்கூட்டியே எழுத்தில் பங்கு பிரிக்காமல் நட்பின் பேரில் வேலை செய்வதும் சுயாதீன இசை உலகில் சாதாரணம். பாடல் ஓடாதவரை அதனால் யாருக்கும் தொல்லை இல்லை.

பிற்காலம்

2023இல் கோக் ஸ்டுடியோ தமிழுக்காகக் கதீஜா ரகுமானுடன் ‘சகவாசி’ பாடலை வழங்கினார். ‘அறிவு அண்ட் தி அம்பசா’ என்ற பெயரில் சொந்தக் குழுவுடன் மேடையேறி வருகிறார். 2024இல் வெளியான அவருடைய தனித் தொகுப்பின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’.