ராணுவ அதிகாரி பெயரில் "பெரிய ஆர்டர்": பேச்சிப்பாறை வியாபாரிகளே உஷார்! போலி வாடிக்கையாளரை கண்டுபிடிப்பது எப்படி?

பேச்சிப்பாறை:

தேன், ஏத்தன் குலை, ரப்பர் கன்று, சிப்ஸ், சமையல் கான்டிராக்ட், தச்சு வேலை என்று சின்ன அளவில் தொழில் செய்பவர்களுக்கு "பெரிய ஆர்டர்" என்று ஆசை காட்டி வலை விரிக்கும் நூதன மோசடி நாடு முழுவதும் நடந்து வருகிறது. ராணுவ அதிகாரி என்று சொல்லி பேசும் பலே ஆசாமிகள், ஒரு பொருளும் வாங்காமலேயே வியாபாரியின் வங்கி கணக்கில் இருக்கும் பணத்தை சுருட்டி விடுகிறார்கள்.

பேச்சிப்பாறை, குலசேகரம், திற்பரப்பு பகுதிகளிலும் மற்ற ஊர்களைப் போலவே சின்னக் கடைகளில்கூட கியூஆர் கோடு அட்டை வந்து விட்டது. கடை போர்டு, கூகுள் மேப், பேஸ்புக் என்று எல்லா இடத்திலும் செல்போன் எண் இருக்கிறது. வியாபாரத்துக்காக போட்ட அந்த எண்தான் மோசடி ஆசாமிக்கும் வழி காட்டுகிறது.

போன் வரும்போதே அது உண்மையான ஆர்டரா, போலியா என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்கு பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். விவரம் வருமாறு:-

விலை பேசாத வாடிக்கையாளர்

தேன் விற்கும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். அவருக்கு ஒரு போன் வருகிறது. "மிலிட்டரியில் இருந்து பேசுறேன். எங்க கேம்ப்புக்கு 50 கிலோ தேன் வேணும். கிலோ என்ன விலை?" என்று எதிர்முனையில் கேட்கிறார்கள். பேச்சு அரைகுறை தமிழில் இருக்கும். இல்லாவிட்டால் இந்தியும் ஆங்கிலமும் கலந்து இருக்கும்.

விலையை சொன்னதும் "ஓகே, பேக் பண்ணி வையுங்க" என்று பதில் வருகிறது. பேரம் இல்லை. "கொஞ்சம் குறைச்சு போடுங்க" என்ற பேச்சு இல்லை. மலைத்தேனா, பெட்டித்தேனா என்று கேட்கவில்லை. பாட்டிலா, கேனா என்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வார்த்தையே, "நீங்க கூகுள் பேயா, போன்பேயா?" என்பதாக இருக்கும்.

இங்கேதான் உஷாராக வேண்டும். காசு கொடுத்து வாங்க வருபவர் பொருளைப் பற்றி கேட்பார். ஏமாற்ற வருபவன் பணம் அனுப்பும் வழியைப் பற்றியே பேசுவான். இந்த ஒரு வித்தியாசத்தை மனசில் வைத்துக் கொண்டாலே பாதி மோசடியை போனிலேயே முடித்து விடலாம்.

ரப்பர் மரம் துளிர் விடும் சீசனில்தான் பெட்டியில் தேன் நிறையும். அந்த சில மாத வருமானத்தை வைத்துத்தான் மீதி மாதங்களை தள்ள வேண்டும். ஒரே போனில் அந்த பணம் போனால் அடுத்த சீசனுக்கு பெட்டி வாங்கவும் வழி இருக்காது. ஏத்தன் குலை வியாபாரிக்கு நஷ்டம் இரட்டிப்பு. ஆர்டரை நம்பி வெட்டிய குலை பழுத்துப்போகும். கணக்கில் இருந்த காசும் போகும்.

யூனிபார்ம் போட்டோ

அடுத்ததாக வாட்ஸ்-அப்பில் யூனிபார்ம் அணிந்த ஒருவரின் போட்டோ, ராணுவ அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆதார் கார்டு எல்லாம் வரிசையாக வரும். இதைப் பார்த்ததும் பலர் நம்பி விடுகிறார்கள்.

குமரி மாவட்டத்தில் ராணுவத்தில் இருப்பவர்களும், ஓய்வு பெற்று வந்தவர்களும் நிறைய. "நம்ம பட்டாளத்துக்காரர்" என்ற மரியாதை இங்கே சாதாரணமாகவே உண்டு. அந்த மரியாதையைத்தான் மோசடி கும்பல் முதலாக வைத்து விளையாடுகிறது.

போனில் வரும் அட்டை படம் எதையும் நிரூபிக்காது. வேறு ஒருவரின் அட்டையை திருடி போட்டோ மாற்றி அனுப்ப சில நிமிடம் போதும். கடைக்கு வரும் எந்த வாடிக்கையாளரும் மிக்சர் வாங்க ஆதார் கார்டு காட்டுவது கிடையாது. நாம் கேட்காமலேயே ஒருவர் அடையாள அட்டையை அனுப்பினால், அதுவே சந்தேகத்துக்கு முதல் காரணம்.

1 ரூபாய் தூண்டில்

அதன் பிறகு "மிலிட்டரி அக்கவுண்டில் சிஸ்டம் வேற. நீங்க முதலில் 1 ரூபாய் அனுப்புங்க. உடனே 2 ரூபாய் திரும்ப வரும்" என்பார்கள். அனுப்பினால் சொன்னபடியே 2 ரூபாய் வரும். சில நேரம் 5 ரூபாய்க்கு 10 ரூபாய் வரும். இதுதான் தூண்டிலில் வைக்கும் புழு.

நம்பிக்கை வந்ததும் வாட்ஸ்-அப்பில் ஒரு கியூஆர் கோடு வரும். "இதை ஸ்கேன் பண்ணி, பில் தொகையை போட்டு, பின் நம்பர் அடிங்க. பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்" என்பார்கள். அடித்த அடுத்த நொடியே பணம் போய் விடும். வராது. "எர்ரர் ஆகிடுச்சு, இன்னொரு தடவை அடிங்க, ரெண்டும் சேர்ந்து ரீபண்ட் ஆகும்" என்று சொல்லி இரண்டாவது, மூன்றாவது முறையும் அடிக்க வைப்பார்கள். போனை மட்டும் வைக்கவே விட மாட்டார்கள். யோசிக்க நேரம் கொடுத்தால் குட்டு வெளியாகி விடும் என்பதுதான் காரணம்.

யு.பி.ஐ. முறை 2016-ம் ஆண்டு வந்தது. அன்று முதல் இன்று வரை அதில் ஒரு விதி மாறவே இல்லை. பணம் அனுப்புவதற்குத்தான் பின் நம்பர். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் வேண்டாம், ஸ்கேன் செய்ய வேண்டாம், எந்த பட்டனையும் அழுத்த வேண்டாம். காசு வர்றதுக்கு பின் நம்பர் எதுக்கு என்று தன்னைத்தானே ஒரு தடவை கேட்டுக் கொண்டாலே போதும்.

முன்பு தனிநபர்கள் "பணம் கேட்கும்" கோரிக்கையை யு.பி.ஐ.யில் அனுப்ப முடிந்தது. பணம் வரப்போகிறது என்று நினைத்து பலர் அதை அழுத்தி ஏமாந்தார்கள். இதனால் 2025-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி முதல் தனிநபருக்கு தனிநபர் அனுப்பும் அந்த வசதியை யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனம் நிறுத்தியது. ஆனால் கியூஆர் கோடு வழியாக ஏமாற்றும் வாசல் மூடவில்லை. ஸ்கேன் செய்வது வியாபாரியின் கைதானே!

"ஒரு பூஜ்யம் கூடிப்போச்சு"

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. ரூ.1,500-க்கு ஆர்டர் கொடுப்பார்கள். சிறிது நேரத்தில் "ரூ.15,000 உங்கள் கணக்கில் வரவு" என்று எஸ்.எம்.எஸ். வரும். உடனே போன் அலறும். "அய்யோ, ஒரு பூஜ்யம் கூடிப்போச்சு. மீதி ரூ.13,500-ஐ திருப்பி அனுப்புங்க. ஆஸ்பத்திரியில் இருக்கேன், அவசரம்" என்று கெஞ்சுவார்கள்.

நல்ல மனசுள்ளவர் உடனே அனுப்பி விடுவார். பிறகு பார்த்தால் கணக்கில் ரூ.15,000 வந்திருக்காது. அந்த எஸ்.எம்.எஸ். மோசடி ஆசாமியே டைப் செய்து அனுப்பியது. வங்கி எஸ்.எம்.எஸ். வங்கியின் பெயர் எழுத்துகளுடன் வரும். சாதாரண 10 இலக்க செல்போன் எண்ணில் இருந்து "வரவு" என்று வந்தால் அது போலி.

எஸ்.எம்.எஸ்.சை நம்பக்கூடாது. வாட்ஸ்-அப்பில் வரும் "பணம் செலுத்தியாச்சு" ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பக்கூடாது. வங்கி ஆப்பில் பேலன்ஸ் பார்த்த பிறகே பேச வேண்டும். சிக்னல் சரியாக கிடைக்காத மலைப்பகுதியில் இருப்பவர்கள், பேலன்ஸ் பார்க்க முடிகிற வரை பொருளை வண்டியில் ஏற்றாமல் இருப்பது நல்லது.

இதே தந்திரம் வெளிநாடுகளில் செக் மூலம் நடக்கிறது. அமெரிக்காவில் சின்ன வியாபாரிகளுக்கு பில்லை விட கூடுதல் தொகைக்கு செக் அனுப்பி, மீதியை லாரிக்காரருக்கு கொடுக்கச் சொல்வார்கள். வங்கி முதலில் வரவு வைக்கும். சில நாள் கழித்து செக் போலி என்று தெரியும்போது மீதி பணம் கைமாறி இருக்கும். ஊர் வேறு, தந்திரம் ஒன்று.

ஆப், கட்டணம்

"ஆர்டர் லிஸ்ட் அனுப்பி இருக்கேன், ஓபன் பண்ணுங்க" என்று வாட்ஸ்-அப்பில் ஏ.பி.கே. என்று முடியும் பைல் வந்தால் தொடவே கூடாது. அது லிஸ்ட் அல்ல, செல்போனுக்குள் புகும் ஆப். அதேபோல "ஒரு ஆப் போடுங்க, நானே சரி பண்ணி தர்றேன்" என்றாலும் வேண்டாம். ஸ்கிரீனை அடுத்தவர் பார்க்க வைக்கும் எனிடெஸ்க் போன்ற ஆப்களை வைத்து பணம் திருடப்படுவதாக ரிசர்வ் வங்கி 2019-ம் ஆண்டு பிப்ரவரி மாதமே எச்சரித்தது.

"கேட் பாஸ் எடுக்கணும்", "சப்ளையர் பதிவு கட்டணம் கட்டணும்" என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களும் உண்டு. பொருளை வாங்குபவர்தான் காசு கொடுக்க வேண்டும். விற்பவரிடம் காசு கேட்டால் அது வியாபாரமே அல்ல.

எங்கிருந்து பேசுகிறார்கள்?

2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அரியானா மாநிலம் நூ மாவட்டத்தில் சுமார் 5 ஆயிரம் போலீசார் ஒரே இரவில் 14 கிராமங்களை சுற்றி வளைத்தனர். 66 பேர் கைது செய்யப்பட்டனர். நாடு முழுவதும் சுமார் 28 ஆயிரம் பேரிடம் ரூ.100 கோடி வரை மோசடி நடந்ததாக அந்த மாநில போலீசார் அறிவித்தனர். போலி சிம் கார்டு, போலி வங்கி கணக்கு வைத்து, கிராமத்தில் உட்கார்ந்தபடியே மற்ற மாநிலத்துக்காரர்களை ஏமாற்றி இருக்கிறார்கள்.

ஆக, "அணைக்கட்டு பக்கத்துல கேம்ப் போட்டிருக்கோம்" என்று சொல்பவன் பேச்சிப்பாறை அணையை கூகுள் மேப்பில் மட்டும் பார்த்தவனாக இருக்கலாம்.

கேட்க வேண்டிய 5 கேள்விகள்

போனில் புது ஆர்டர் வந்தால் வியாபாரிகள் கீழ்க்கண்டவற்றை கேட்டுப் பார்க்கலாம்:-

1. "இப்போ எங்க நிக்கீங்க? குலசேகரத்துல இருந்து எந்த வழியா வருவீங்க?" உள்ளூர் வழி தெரியாதவன் பேச்சை மாற்றுவான்.

2. "பொருள் எந்த ரகம் வேணும்?" தேன் என்றால் எந்த தேன், கன்று என்றால் எந்த ரகம், மேஜை என்றால் என்ன அளவு? உண்மையாக வாங்குபவருக்கு பதில் இருக்கும்.

3. "நேரில் வந்து பார்த்துட்டு ஆர்டர் கொடுக்கலாமே. இல்லைன்னா ஆளை அனுப்புங்க" என்று சொல்ல வேண்டும். வரவே முடியாது என்றால் சந்தேகம்தான்.

4. "என் கியூஆர் கோடை அனுப்புறேன். நீங்க ஸ்கேன் பண்ணி அட்வான்ஸ் போடுங்க." கோடு நம்முடையதாக இருக்க வேண்டும், ஸ்கேன் அவர் செய்ய வேண்டும். இதற்கு சம்மதிக்காமல், தன் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னால் அங்கேயே போனை வைத்து விடலாம்.

5. "பத்து நிமிஷம் கழிச்சு நானே கூப்பிடுறேன்." அந்த நேரத்தில் வீட்டில் உள்ளவர்களிடமோ, பக்கத்து கடைக்காரரிடமோ விஷயத்தை சொல்ல வேண்டும். நல்ல வாடிக்கையாளர் காத்திருப்பார். மோசடி ஆசாமி அவசரப்படுத்துவான்.

போனில் வரும் பெரிய ஆர்டர் எல்லாமே மோசடி என்று அர்த்தம் இல்லை. கல்யாண வீட்டுக்காரர், ஓட்டல்காரர், கேரளா வியாபாரி என்று நல்ல ஆர்டர்களும் போனில்தான் வரும். மேலே சொன்ன கேள்விகளால் அவர்கள் கோபித்துக் கொள்ள மாட்டார்கள். அட்வான்ஸ் கேட்பது தொழில் வழக்கம்தான்.

பணம் போய் விட்டால்...

ஏமாந்து விட்டால் வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. உடனடியாக 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் அதை முடக்கி வைக்கத்தான் இந்த ஏற்பாடு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு பணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண், பேசிய ஆசாமியின் செல்போன் எண் ஆகியவற்றை கையில் வைத்துக் கொண்டு பேச வேண்டும். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் போலீசாரிடமும் புகார் கொடுக்கலாம். வாட்ஸ்-அப் மெசேஜ்களை அழித்து விடக்கூடாது. அதுதான் சாட்சி.

வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-ம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்கு தகவல் சொல்லும் வரையிலான நஷ்டம் அவரைச் சேர்ந்தது. சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. எனவே ஒவ்வொரு நிமிடமும் காசுதான்.

பணம் போகாமல் தப்பித்தவர்களும் சும்மா இருக்க வேண்டாம். 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கப்பட்ட "சக்ஷு" என்ற வசதியில், சஞ்சார் சாத்தி இணையதளம் வழியாக சந்தேக அழைப்பு பற்றி புகார் செய்யலாம்.

ஆள் மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர், செல்போன் வழியாக ஏமாற்றுவதற்கு தகவல் தொழில்நுட்ப சட்டத்தின் 66-டி பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 லட்சம் வரை அபராதம் உண்டு. ஏமாற்றி பணம் பறிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் 7 ஆண்டு வரை ஜெயில் தண்டனை கிடைக்கும்.

ஆனால் கேஸ் நடந்து, ஆள் பிடிபட்டு, பணம் திரும்பி வருவதற்குள் அந்த வியாபாரி பல சீசனை பார்த்து விடுவார். எனவே கடையில் கியூஆர் கோடு அட்டைக்கு பக்கத்திலேயே ஒரு வரியை எழுதி ஒட்டி வைக்கலாம். "காசு வாங்க பின் நம்பர் வேண்டாம்." கடையில் நிற்பது அம்மாவாக இருந்தாலும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையாக இருந்தாலும் அந்த ஒரு வரி காப்பாற்றும்.